பயிற்சியைக் காதுக்கும் அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புங்குடுதீவிலிருந்து ஒவ்வொரு நாளும் பஸ் ஏறி வந்து, யாழ் நகருக்குக் கிட்ட உள்ள ஒரு நேசரியில் படிப்பிக்கிற முன்பள்ளி ஆசிரியை நான். அடுத்த மாதம் எங்களுக்கு இன்னொரு இணையவழிப் பயிற்சி தொடங்கப்போகிறது என்று அறிவித்திருக்கிறார்கள். அதை நடத்தப்போகிறவர்களின் கண்ணில் படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இதுவரை இரண்டு பயிற்சி எடுத்திருக்கிறேன். 2021இல் எடுத்தது முழுக்க முழுக்க சூம். பின்னேரம் ஆறரைக்குத் தொடங்கி எட்டரை வரை. வீட்டில் புட்டு அவிக்கிற நேரம் அது. போனைச் சீனிப் பேணியில் சாத்தி வைத்துவிட்டு, மாக்கையோடு எட்டி எட்டிப் பார்ப்பேன். ஒரு வகுப்புக்கே கிட்டத்தட்ட ஒரு ஜி.பி. டேட்டா போய்விடும். மழை இருட்டினால் கவரேஜும் போய்விடும். வகுப்பைத் தவறவிட்டவர்களுக்கென்று பிறகு ஒலிப்பதிவை அனுப்பினார்கள். இரண்டு மணி நேரப் பதிவு. முதல் பத்து நிமிடமும் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போயிற்று. அப்புறம் "இந்த ஸ்லைட்டில மூண்டாவது கட்டத்தைப் பாருங்கோ" என்கிறார் வளவாளர். பஸ்ஸில் இருந்து கேட்கிற நான் எந்தக் கட்டத்தைப் பார்ப்பது? சூம் வகுப்பிலிருந்து படத்தை உருவி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒலிப்பாடம் என்று தரக்கூடாது.

2022 தொடக்கத்தில் எடுத்த இரண்டாவது பயிற்சியை நடத்திய வளவாளர், காதால் கேட்கப்போகிறவர்களை நினைத்தே பாடத்தைச் செய்திருந்தார். ஒரு பாடம் பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டாது. 64 கே.பி.பி.எஸ். அளவில் எம்.பி.3 கோப்பாக வட்ஸ்அப்பில் வரும், 6 எம்.பி.கூட இராது. குறிகட்டுவானிலிருந்து வருகிற காலைப் பஸ்ஸில் ஏறினால் வாணர் பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் ஒரு பாடம் முடியும். அல்லைப்பிட்டி வரும்போது அதையே இரண்டாம் தரம் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த வருடம் மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அப்போதும் எங்கள் பயிற்சி நிற்கவில்லை. பாடங்கள் ஏற்கெனவே போனில் இறங்கி இருந்தன.

நான்காம் பாடத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் கேள்வி கேட்பது எப்படி என்பதுதான் விஷயம். வளவாளர் ஒரு கேள்வி கேட்டார். பிறகு சத்தமே இல்லை. பதிவு நின்றுவிட்டதாக்கும் என்று போனை எடுத்துப் பார்த்தேன். அப்போது அவர் குரல் வந்தது: "இப்ப நீங்கள் போனைப் பாத்திருப்பீங்கள். மூண்டு செக்கன்தான் போனது." மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளில் இதைத்தான் அளந்து பார்த்தாராம். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு செக்கன் அளவுதான் பொறுத்தார்கள். மூன்று செக்கனோ அதற்கு மேலோ பொறுத்தபோது பிள்ளைகளின் பதில் நீண்டது, பேசாத பிள்ளைகளும் பேசின. இதே விஷயம் முதல் பயிற்சியின் ஸ்லைட்டிலும் ஒரு வரியாக இருந்தது. வாசித்தேன், மறந்தேன். மூன்று செக்கன் எவ்வளவு நீளம் என்று அந்த மௌனத்தைக் காதால் கேட்டபோதுதான் தெரிந்தது.

அடுத்த நாள் முற்றத்து மணலில் தண்ணீர் ஊற்றிவிட்டு, "மண் ஏன் கறுத்தது?" என்று கேட்டேன். வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். வழமையாகப் பின்னுக்கு நிற்கிற ஒரு சின்னவன் சொன்னான்: "மண் தண்ணி குடிச்சிட்டுது, ரீச்சர்." அவன் முழு வசனம் பேசி நான் கேட்டது அன்றுதான் முதல் தரம்.

ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு கேள்வி இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் குரலிலேயே பதில் அனுப்ப வேண்டும். அடுத்த பாடம் அந்தப் பதில்களில் இரண்டோடு தொடங்கும். போனில் தமிழில் எழுதத் தயங்கி முதல் பயிற்சியில் வாயே திறக்காத அக்காமார், இதில் தங்கள் நேசரியில் நடந்ததை எல்லாம் சொன்னார்கள். அதுவும் எங்கள் பேச்சிலேயே. "இஞ்ச வாங்கோ குஞ்சு" என்று ஒரு பிள்ளையை எந்தத் தொனியில் கூப்பிடுவது என்பதை எந்தக் கையேட்டில் எழுதிக் காட்டுவது?

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைப்பார். நான் பெடலைக் கையால் சுற்றுவேன். டைனமோவிலிருந்து வயர் ரேடியோவுக்குப் போகும். கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இறங்கிவிடும். பக்கத்து வீட்டார் வேலியோடு நின்று கேட்பார்கள். ஒரு சொல் தப்பாமல் கேட்டு அடுத்த நாள் மற்றவர்களுக்குச் சொன்ன சனம் நாங்கள். எங்களுக்கு ஒலியால் பாடம் சொன்னால் விளங்காது என்று யாரும் நினைக்கத் தேவையில்லை.

எல்லாவற்றையும் ஒலியாக்கச் சொல்லவில்லை. கடதாசிக் கப்பல் மடிப்பதை அந்த வளவாளரும் ஒலியில் சொல்லிப் பார்த்தார், ஒருவருக்கும் சரிவரவில்லை. அதற்கு இரண்டு நிமிட வீடியோ போதும். காது கேளாத ஆசிரியைகளுக்காக ஒவ்வொரு பாடத்தையும் எழுத்திலும் தர வேண்டும். அதைச் செலவு என்று விட்டுவிடாதீர்கள்.

ஒலிப்பதிவுக்கு ஸ்டூடியோ வேண்டும் என்று சிலர் பின்னடிக்கிறார்கள். எங்கள் வளவாளர் ஒரு போனோடுதான் எல்லாம் செய்தார். ஃபேனை நிற்பாட்டி, உடுப்பு அலுமாரியைத் திறந்துவிட்டு அதற்கு முன்னால் இருந்து, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பேசுவாராம். உடுப்புகள் எதிரொலியை உறிஞ்சிவிடும். கோப்புகளுக்கு 01, 02 என்று எண் போட்டு அனுப்பியதால் எங்களுக்கு ஒன்றும் மாறுபடவில்லை.

அந்தப் பதினெட்டுப் பாடங்களும் என் போனில் இன்னும் இருக்கின்றன. புதுப் பயிற்சியை நடத்துபவர்கள் கேட்டால், அந்த வளவாளரின் சம்மதத்தோடு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
முன்பள்ளி ஆசிரியை ஒருவர்,
புங்குடுதீவு.