நாலு ஏழு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை என் சித்தி மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கனடா பி.ஆர். (அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை) வாங்க வேண்டும் என்று காந்திபுரத்தில் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வுக்குக் கோச்சிங் போகிறான். அவன் நோட்டைப் பிரித்தால் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் "7, 7, 7, 7" என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. "இதுதான் டார்கெட்னு சார் எழுதிக்கச் சொன்னார்க்கா" என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2019-ல் என் நோட்டிலும் இதே நாலு ஏழுதான் இருந்தது.

நான் எம்.இ. படித்தவள். கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. 2019 ஜனவரியில் முதல் முறை தேர்வு எழுதினேன். லிசனிங், ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் என்ற நான்கு பிரிவில் லிசனிங் 7.5, மற்ற மூன்றிலும் 7, ஓவரால் 7. கோச்சிங் சென்டரில் கை கொடுத்தார்கள். அம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தார். அன்று ராத்திரி கனடா அரசின் தளத்தில் மதிப்பெண்களைப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

பி.ஆருக்குப் புள்ளி போட்டு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் ஓவரால் மதிப்பெண்ணை யாரும் பார்ப்பதில்லை. நான்கு பிரிவையும் தனித்தனியாகக் கனடாவின் சி.எல்.பி. என்ற அளவுகோலுக்கு மாற்றுவார்கள். அதில் 9-ஆம் நிலையைத் தொட ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங்குக்கு 7 போதும். லிசனிங்குக்கு மட்டும் 8 வேண்டும். எனக்கு அரை பேண்ட், அதாவது அரை மதிப்பெண், குறைந்ததால் அந்தப் பிரிவில் போனது 8 புள்ளிதான். ஆனால் நான்கிலும் 9-ஆம் நிலை இருந்தால்தான் படிப்புக்கும் வெளிநாட்டு அனுபவத்துக்கும் சேர்த்துத் தரும் கூடுதல் புள்ளிகள் முழுசாகக் கிடைக்கும். முதுகலைப் பட்டமும் மூன்று வருடத்துக்கு மேல் அனுபவமும் இருந்த எனக்கு அதில் 100-க்கு 50-தான் வந்தது. மொத்தம் 469 புள்ளி வந்திருக்க வேண்டிய இடத்தில் 411. புள்ளி அதிகமுள்ளவர்களை விண்ணப்பிக்க அழைக்கும் பொது அழைப்புச் சுற்றுகளில், அந்த வருடம் செப்டம்பர் வரை மே 29-ஆம் தேதி சுற்றைத் (470) தவிர வேறு எதிலும் கட்-ஆஃப் 469-ஐ எட்டவில்லை. ஜனவரி 30-ஆம் தேதி சுற்றில் 438 வரைக்கும்கூட இறங்கியது.

தேர்வு அறையில் 'அக்காமடேஷன்' என்ற சொல்லுக்கு ஒரே ஒரு 'எம்' போட்டு எழுதியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டு 'எம்' வர வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் அந்த விடைக்கு மதிப்பெண் கிடையாது. எத்தனை விடை சரி என்று அவர்கள் சொல்வதில்லை, அதனால் அந்த ஒரு எழுத்துதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வழக்கமாக 40-க்கு 34 சரியென்றால் 7.5, 35 என்றால் 8. லிசனிங்குக்கு 8 தேவை என்று முன்பே தெரிந்திருந்தால் வாராவாரம் ஸ்பெல்லிங்கையும் ஒருமை பன்மையையும் உட்கார்ந்து எழுதிப் பார்த்திருப்பேன். எங்கள் வகுப்பில் லிசனிங்குக்கு மொத்தமே நாலு நாள்தான் ஒதுக்கினார்கள். மீதி நேரமெல்லாம் கட்டுரை மனப்பாடம். மனப்பாடம் செய்து எழுதினால் தேர்வாளர் கண்டுபிடித்து மதிப்பெண்ணைக் குறைப்பார் என்பதையும் யாரும் சொல்லித் தரவில்லை.

செப்டம்பரில் மறுபடி எழுதினேன். மறுபடியும் பதின்மூன்றாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டணம். லிசனிங் 8.5, ரீடிங் 7.5, ஸ்பீக்கிங் 7. ரைட்டிங் மட்டும் 6.5, அதனால் கூடுதல் புள்ளி மறுபடியும் 50-தான். ஓவரால் 7-லிருந்து 7.5 ஆனது. ஆனால் ஜூனில் எனக்கு 30 வயது முடிந்து, வயதுக்கான புள்ளி 110-லிருந்து 105 ஆகியிருந்தது. மொத்தம் 409! ஓவரால் அரை பேண்ட் ஏறியும் முன்பு இருந்ததைவிட இரண்டு புள்ளி குறைவு.

அப்புறம் கொரோனா வந்தது. 2020 டிசம்பரோடு பொது அழைப்புச் சுற்றுகள் நின்றுபோய், 2022 ஜூலை 6-ஆம் தேதிதான் மறுபடி நடந்தது. கட்-ஆஃப் 557. என் மதிப்பெண் சான்றிதழின் இரண்டு வருடக் கெடு அதற்குள் முடிந்திருந்தது. வயது 33, அதற்கான புள்ளி 88. அத்தோடு விட்டுவிட்டேன்.

இந்த 'எல்லாவற்றிலும் 7' எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் பார்த்தேன். அது ஆஸ்திரேலியாவின் கணக்கு. அங்கே நான்கிலும் 7 இருந்தால் 10 புள்ளி, நான்கிலும் 8 இருந்தால் 20. இரண்டு நாட்டுக்கும் ஒரே பாடத்தை நடத்துகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. பணம் கட்டிப் படிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் விடுவது பெரிய தவறு. 2025 மார்ச்சில் கனடா வேலை வாய்ப்புக் கடிதத்துக்குத் தந்துவந்த புள்ளிகளையும் எடுத்துவிட்டது. மொழித் தேர்வில் அரை பேண்டைக் கோட்டைவிட்டால் அந்த வழியில் ஈடுகட்டவும் இனி முடியாது.

தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தைக் கோவையில் எத்தனையோ வீடுகளில் வெட்டி எடுத்து வைக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஐ.இ.எல்.டி.எஸ். பேண்ட் எதற்கு எத்தனையாவது சி.எல்.பி. நிலை என்ற அட்டவணையை அந்தப் பக்கத்தில் ஒருமுறை தமிழில் முழுசாக வெளியிடுங்கள். கனடா அரசின் தளத்தில் புள்ளிகளைப் போட்டுப் பார்க்கும் வசதி இலவசமாகவே இருக்கிறது, கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன்பே அதில் பாருங்கள் என்று ஒரு வரியும் சேர்த்துப் போடுங்கள்.

தம்பியின் நோட்டில் லிசனிங்குக்கான முதல் 7-ஐ அடித்துவிட்டு 8 என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் 14-ஆம் தேதி அவனுக்குத் தேர்வு. அவன் வகுப்பில் இன்னும் இருபத்திரண்டு பேர் படிக்கிறார்களாம். அதற்குள் அந்த அட்டவணை வந்துவிட்டால் அவர்களுக்கும் உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கணபதி, கோயம்புத்தூர்.