'சில பொதுமக்கள்' யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

1987இல் இலங்கைக்கு வந்த இந்திய அமைதிப்படை பற்றிய தங்கள் கட்டுரையில், "யாழ்ப்பாணச் சண்டையில் இடையில் அகப்பட்டுச் சில பொதுமக்களும் இறந்தனர்" என்ற வரியோடு இதழை மூடி வைத்துவிட்டேன். அதற்கு மேல் வாசிக்க மனம் வரவில்லை. இறந்த இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 1,200 பேர் என்று அதே பந்தியில் இருக்கிறது. அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகள்தான், எண்ணத்தான் வேண்டும். எங்கள் சனத்துக்கு மட்டும் ஏன் 'சில'?

1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் அந்தப் படை புகுந்து சுட்டதில் நோயாளரும் ஊழியருமாக 60 பேருக்கு மேல் செத்தார்கள். அங்கே புலிகள் நின்றதை நான் மறைக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை கையை உயர்த்தி, சரணடைகிறோம் என்று சொல்லியபடி தாதியரோடு நடந்து வந்த குழந்தை வைத்தியரையும் சுட்டார்களே, அவர் எந்தச் சண்டைக்கு இடையில் அகப்பட்டார்? கொல்லப்பட்ட ஊழியர்களுக்கு அதே ஆஸ்பத்திரியில் ஆண்டுதோறும் விளக்கேற்றுகிறார்கள். தங்களுக்கு இது தெரியாததல்ல.

அன்று இதை எழுத இங்கே யார் மிஞ்சியிருந்தார்கள்? யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளான ஈழமுரசு, முரசொலி இரண்டின் அச்சகங்களையும் அந்த ஒக்டோபர் 10ஆம் திகதியே வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். நாங்கள் நல்லூர்க் கோயிலில் ஆயிரக்கணக்கான சனத்தோடு இருந்தோம். ஷெல் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, பக்கத்தில் ஒருவர் வைத்திருந்த சின்ன றேடியோ யாழ்ப்பாணத்தில் இயல்பு நிலை திரும்புகிறது என்றது. அம்மா அதை நிறுத்தச் சொன்னா. அதன் பிறகு சாகும்வரை அவ செய்தியே கேட்கவில்லை.

1989 ஓகஸ்டில் வல்வெட்டித்துறையில் அதே படையால் 60 பேருக்கு மேல் கொல்லப்பட்டு வீடுகள் எரிந்தபோது, தமிழ்நாட்டு வார இதழ் ஒன்றுக்கு மூன்று பக்கம் எழுதினேன். அச்சில் வந்தது அந்த இதழை வாழ்த்தி நான் எழுதிய முதல் வரி மட்டும். வெட்டிய துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எங்கள் சாவை எங்கள் மொழிப் பத்திரிகையே அச்சிட மறுத்த கோபம் இத்தனை வருடத்தில் ஆறவில்லை.

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். ஆஸ்பத்திரியின் பெயர், திகதி, இறந்தவர் தொகை, இந்த மூன்றும் போதும். இம்முறை வாழ்த்து எதுவும் எழுதவில்லை. இடம் போதாவிட்டால் மற்றதை எல்லாம் வெட்டிவிட்டு அந்த மூன்றையும் போடுங்கள்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்து வாசகன்