கல்லீரல் தழும்பைக் காட்டும் கணக்கையும் அறிக்கையில் அச்சிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லீரல் கொழுப்பு நோய்க்கு வந்திருக்கும் புதிய மருந்துகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். அம்மருந்துகள் உடலில் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கட்டுரை தெளிவாகச் சொல்லியிருந்தது. ஆனால் அவை யாருக்குத் தேவையோ அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வியை அது தொடவில்லை. முப்பத்தோர் ஆண்டுகள் அரசு மருத்துவமனை ஆய்வகங்களில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், இந்த நோய் என் சொந்த அக்காவை என்ன செய்தது என்பதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையிலும் அதைப் பற்றி எழுதுகிறேன்.

என் அக்கா மதுவைத் தொட்டதே இல்லை. சர்க்கரை நோய்க்கு நீண்ட காலமாக மாத்திரை சாப்பிட்டு வந்தவர். பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக எடுத்த வயிற்று ஸ்கேனில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று வந்தது. 'இப்போது எல்லோருக்கும் இருப்பதுதான், எண்ணெயைக் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து ஒரு நாள் விடியற்காலையில் இரத்த வாந்தி எடுத்தார். உணவுக்குழாயில் புடைத்திருந்த நாளம் ஒன்று வெடித்திருந்தது. கல்லீரல் முழுதும் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ் நிலையை அடைந்து வெகு நாள்கள் ஆகியிருந்தன. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உறவினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, அக்காவுக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். கல்லீரல் கெட்டால் குடிதான் காரணம் என்ற எண்ணம் நம் ஊரில் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 2023ஆம் ஆண்டு கல்லீரல் மருத்துவ அமைப்புகள் கூடி, 'மது சாராத கொழுப்புக் கல்லீரல்' என்ற பழைய பெயரை நீக்கி, சர்க்கரை, உடற்பருமன், இரத்தக் கொழுப்பு போன்ற வளர்சிதை மாற்றக் கோளாறுகளோடு நோயை இணைக்கும் புதிய பெயரைச் சூட்டியதற்கு இத்தகைய பழியும் ஒரு காரணம்.

அக்கா எந்தக் காகிதத்தையும் தூக்கி எறிபவர் அல்லர். அவர் வீடு திரும்பிய பிறகு, மஞ்சள் பையில் அடுக்கி வைத்திருந்த பழைய பரிசோதனை அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். இரத்த வாந்திக்கு நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய அறிக்கை ஒன்றில் இப்படி இருந்தது: வயது 62, எஸ்.ஜி.ஓ.டி. 40, எஸ்.ஜி.பி.டி. 25, பிளேட்லெட் 1,60,000. முதல் இரண்டும் கல்லீரல் செல்கள் பாதிக்கப்படும்போது இரத்தத்தில் கூடும் நொதிகள், பிளேட்லெட் என்பது இரத்தம் உறைய உதவும் அணு. எந்த எண்ணும் இயல்பு வரம்பைத் தாண்டவில்லை. எதற்கு அருகிலும் நட்சத்திரக் குறி இல்லை. அதைப் பார்த்த மருத்துவர் 'எல்லாம் நார்மல்' என்று சொல்லியிருந்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நானே பணியில் இருந்த நாள்களில் இதுபோன்ற அறிக்கைகளில் ஆயிரக்கணக்கில் கையொப்பமிட்டு அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் அதே நான்கு எண்களைச் சேர்த்து ஒரு கணக்குப் போடலாம். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்க வேண்டும். பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரங்களில் எடுத்துக்கொண்டு, அதை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதல் விடையை இரண்டாவதால் வகுக்க வேண்டும். அக்காவின் எண்களில் 62ஐ 40ஆல் பெருக்க 2,480, 25இன் வர்க்கமூலமான 5ஐ 160ஆல் பெருக்க 800, வகுத்தால் 3.1. இந்தக் கணக்குக்கு ஃபிப்-4 என்று பெயர். விடை 1.3க்குக் கீழே இருந்தால் கல்லீரலில் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, 2.67ஐத் தாண்டினால் வாய்ப்பு அதிகம், கல்லீரல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இயல்பான நான்கு எண்களுக்குள் 3.1 ஒளிந்திருந்தது.

இது மந்திரமன்று. கல்லீரலில் தழும்பு பெருகும்போது அதற்குள் செல்லும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. அதனால் மண்ணீரல் வீங்கிப் பிளேட்லெட்டுகளைத் தன்னுள் தேக்கி வைத்துக்கொள்கிறது. இரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கை மெல்ல மெல்ல இறங்குகிறது. நோய் முற்ற முற்ற எஸ்.ஜி.பி.டி. குறையத் தொடங்கும், எஸ்.ஜி.ஓ.டி. அதைவிட மேலே நிற்கும். எனவே எஸ்.ஜி.பி.டி. ஒன்றை மட்டும் பார்த்து மனநிறைவு அடைபவர், நோய் முற்றியதையே நலம் என்று எடுத்துக்கொள்ள நேரிடுகிறது. ஸ்கேனில் வரும் 'கிரேடு' கொழுப்பின் அளவைத்தான் சொல்கிறதே தவிரத் தழும்பின் அளவைச் சொல்வதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. ஆபத்து தழும்பில்தான் இருக்கிறது.

புதிய மருந்துகளுக்கு வருகிறேன். ரெஸ்மெடிரோம் என்னும் மாத்திரைக்கு 2024 மார்ச் 14 அன்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் வழங்கியது. அந்நாட்டில் இந்த நோய்க்கென்றே ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அது. 966 பேரிடம் நடந்த ஆய்வில், ஓராண்டு முடிவில், 100 மில்லிகிராம் எடுத்துக்கொண்டவர்களில் 29.9 விழுக்காட்டினருக்கு, தழும்பு கூடாமல், கல்லீரல் அழற்சி நீங்கியிருந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களில் அது 9.7 விழுக்காடு. தழும்பு ஒரு படியாவது குறைந்தவர்கள் முறையே 25.9, 14.2 விழுக்காடு. அடுத்து, சர்க்கரைக்கும் உடல் எடைக்கும் தரப்பட்டு வந்த செமாகுளுடைடு என்னும் வாரம் ஒருமுறை ஊசிக்கு 2025 ஆகஸ்டில் இதே நோய்க்காக ஒப்புதல் கிடைத்தது. முதல் 800 பேரின் 72 வார முடிவுகளில், ஊசி போட்டவர்களில் 62.9 விழுக்காட்டினருக்கு அழற்சி நீங்கியது. வெற்று ஊசி பெற்றவர்களில் 34.3 விழுக்காடு. தழும்பு குறைந்தவர்கள் முறையே 36.8, 22.4 விழுக்காடு.

இவை பெரிய முன்னேற்றங்கள்தாம். நாற்பது ஆண்டுகளாக 'எடையைக் குறையுங்கள்' என்பதைத் தவிர வேறொன்றும் பெரிதாகச் சொல்ல முடியாமலிருந்த மருத்துவர்களுக்கு இப்போது கையில் ஒன்று கிடைத்திருக்கிறது. ஆயினும் இரண்டு ஒப்புதல்களும் தழும்பின் நடுப்படிகளில், அதாவது இரண்டாம், மூன்றாம் படிகளில் இருப்பவர்களுக்கே உரியவை. சிரோசிஸ் வந்துவிட்டவர்களுக்கு அவை வழங்கப்படவில்லை. அந்த நடுப்படியில் இருப்பவருக்கோ பெரும்பாலும் வலி இல்லை, மஞ்சள் காமாலை இல்லை, பசி குறைவதில்லை. மருத்துவரிடம் போக வேண்டும் என்று அவருக்குத் தோன்ற ஒரு காரணமும் இல்லை. அக்காவைப் போல மஞ்சள் பையில் அறிக்கைகளை வைத்துக்கொண்டு அவர் வீட்டில் இருக்கிறார். அவரைத் தேடிப் போகாமல் மருந்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் ஆகிய மூன்றும் ஒரே நாளில் செய்யப்படும்போதெல்லாம், அரசு ஆய்வகமானாலும் தனியார் ஆய்வகமானாலும், ஃபிப்-4 எண்ணையும் கணக்கிட்டு அறிக்கையில் அச்சிட வேண்டும். இதற்குப் புதுக் கருவி வேண்டாம், கூடுதல் இரத்தம் வேண்டாம், வேதிப்பொருள் வேண்டாம். கணக்கிட்டு அச்சிடுவது ஆய்வகங்களுக்குப் புதிதும் அன்று. கொழுப்புப் பரிசோதனை அறிக்கையில் நீங்கள் பார்க்கும் எல்.டி.எல். என்பது பல ஆய்வகங்களில் நேரடியாக அளக்கப்படுவதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எழுதப்படுகிறது. குளோபுலின் என்னும் இரத்தப் புரதத்தின் அளவும் கழித்தல் கணக்கில் வருவதுதான். கிரியேட்டினினுக்கு அருகே சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனை வயதைக் கொண்டு கணக்கிட்டு அச்சிடும் வழக்கமும் வந்துவிட்டது. கல்லீரலுக்கு மட்டும் ஏன் இல்லை?

காரணம் எனக்குத் தெரியும். கல்லீரல் பரிசோதனைக்கான இரத்தம் ஒரு குழாயில் உயிர்வேதியியல் பிரிவுக்குப் போகிறது. பிளேட்லெட்டுக்கான இரத்தம் ஊதா மூடிக் குழாயில் இரத்தவியல் மேசைக்குப் போகிறது. இரு தாள்கள், இரு கையொப்பங்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பொறுப்பு புறநோயாளர் பிரிவில் ஒரு காலைப்பொழுதில் நூறு பேரைப் பார்க்கும் மருத்துவர் மீது விழுகிறது. வர்க்கமூலம் கண்டுபிடிக்க அவருக்கு நேரம் ஏது? இந்த வேலையைக் கணினி செய்ய வேண்டும். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரை ஒட்டிய பகுதியில், சாதாரணக் கல்லீரல் பரிசோதனையில் கோளாறு தெரிந்தால் அதே இரத்த மாதிரியிலேயே மேற்கொண்டு சோதனைகளைச் செய்து, தழும்பு எண்ணையும் கணக்கிட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்ற குறிப்போடு அறிக்கை அனுப்பும் முறை 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கணினி அறிக்கை வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஒரு சூத்திரத்தைச் சேர்ப்பது மென்பொருள் எழுதுபவருக்கு அரை நாள் வேலைகூட ஆகாது.

இந்தக் கணக்குக்கு எல்லைகள் உண்டு. அவற்றை மறைத்து எழுதுவது முறையாகாது. 35 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் இதை நம்ப முடியாது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு வயதே விடையை ஏற்றிவிடும் என்பதால் கீழ் வரம்பை 1.3க்குப் பதில் 2 என்று கொள்ள வேண்டும். நம் ஊருக்கு இன்னொன்று முக்கியம்: டெங்கு காய்ச்சலில் பிளேட்லெட் சரியும், எஸ்.ஜி.ஓ.டி. ஏறும், காய்ச்சலில் கிடப்பவருக்கு இந்தக் கணக்கைப் போட்டால் இல்லாத தழும்பைக் காட்டி வீட்டாரைப் பதறவைக்கும். ஊதா மூடிக் குழாயில் சிலருக்குப் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து தெரிவதும், தாமதமாக வந்த மாதிரியில் சிவப்பணுக்கள் உடைந்து எஸ்.ஜி.ஓ.டி. கூடிவிடுவதும் ஆய்வகத்தில் இருப்பவர்கள் அறிந்தவை. வயதைச் சரியாகக் கேட்டு எழுதவும் வேண்டும். சீட்டுகளில் 'சுமார் 60' என்று போட்டுவிடுவது நம் வழக்கம். மேலும், இந்த எண் நோயை உறுதிசெய்யும் சோதனை அன்று, சல்லடை மட்டுமே. இடைப்பட்ட எண் வருபவர்களுக்கு ஃபைப்ரோஸ்கேன் என்னும் கருவியால் கல்லீரலின் விறைப்பை அளந்து பார்க்க வேண்டும். 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை.

எல்லோருக்கும் இதைச் செய்ய வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. சர்க்கரை நோயாளிகளிடமிருந்து தொடங்கலாம். சென்னையில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு ஒன்றில், பரிசோதிக்கப்பட்ட 541 பேரில் 173 பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருந்தது. சர்க்கரை நோய் இருந்தவர்களை மட்டும் பார்த்தால் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இருந்தது. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டு நெறிகள் சர்க்கரை நோயாளிகளுக்கு ஃபிப்-4 பார்க்கும்படி பரிந்துரைக்கின்றன. இந்திய அரசு 2021 பிப்ரவரியிலேயே இந்நோயைத் தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் சேர்த்துவிட்டது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை தரப்படுகிறது. யாருக்குச் சர்க்கரை இருக்கிறது என்ற பட்டியல் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்த எண்ணைப் பார்த்துவிட்டால், யாரைக் கல்லீரல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கண்டுபிடித்தபின் விலை உயர்ந்த ஊசிக்கு ஏழை எங்கே போவார் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஊசி இல்லாமலும் செய்யக்கூடியது உண்டு. கியூபாவில் 293 நோயாளிகளை ஓராண்டு உணவுக் கட்டுப்பாட்டிலும் நடைப்பயிற்சியிலும் வைத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், உடல் எடையில் பத்து விழுக்காடும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 90 விழுக்காட்டினருக்கு அழற்சி நீங்கியது, 45 விழுக்காட்டினருக்குத் தழும்பே குறைந்தது. அந்த அளவுக்கு எடை குறைத்தவர்கள் பத்தில் ஒருவர்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எடை குறைப்பது அவ்வளவு கடினம். எல்லோரிடமும் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரையை யாரும் காதில் வாங்குவதில்லை. 'உங்கள் கல்லீரலில் தழும்பு விழத் தொடங்கியிருக்கலாம், இதோ எண்' என்று ஒருவரிடம் அவருடைய அறிக்கையைக் காட்டிச் சொன்னால் அவர் கேட்பார் என்று நம்புகிறேன். என் அக்கா கேட்டிருப்பார். மருத்துவர் சொன்ன எதையும் மீறியவர் அல்லர் அவர்.

இப்போது அவருக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை புற்றுநோய் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கிறோம். உணவுக்குழாய் நாளங்களுக்கு எண்டோஸ்கோப்பி வழியே இருமுறை வளையம் போட்டாகிவிட்டது. தங்களிடம் ஒரு வேண்டுகோள்: மருத்துவப் பக்கத்தில் அடுத்த முறை இந்நோயைப் பற்றி எழுதும்போது, மேலே சொன்ன கணக்கை, டெங்கு பற்றிய எச்சரிக்கையோடும் வயது வரம்புகளோடும், ஒரு கட்டத்துக்குள் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். வீட்டில் பழைய அறிக்கை வைத்திருப்பவர்கள் அதை வெட்டி எடுத்துக்கொண்டு தங்கள் மருத்துவரிடம் போகட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
தஞ்சாவூர் மாவட்டம்.