எதிர்க் கார்னர்காரருக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

வீட்டுக்கு வந்துவிட்டேன். குத்துச்சண்டையில் தோற்ற கையோடு தலைக்குள் ரத்தம் கசிந்து ஆபரேஷன் வரை போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும், அந்த வீடியோவை நான் மட்டும்தான் இன்னும் பார்க்கவில்லை, பார்க்கப் போவதும் இல்லை. தலையில் தையல் பிரித்தாகிவிட்டது, பேச்சு தெளிவாக வருகிறது, மாடிப்படி ஏற மட்டும் யாராவது கூட வேண்டும். சரி, முதலில் நன்றி.

அது ஜெயித்த தம்பியின் கட்மேனுக்கு. ஆமாம், எதிர்க் கார்னர்காரர்தான். அந்தத் தம்பியின் புருவம் கிழிந்தால் ரத்தத்தை நிறுத்துவதுதான் அவர் வேலை. எனக்கு என்ன ஆனாலும் அவர் சம்பளத்தில் சேராது. தீர்ப்பு வந்த பிறகு எல்லோரும் ஜெயித்தவனைச் சுற்றித்தான் நிற்பார்கள், என் நல்ல காலத்தில் என்னைச் சுற்றியும் அப்படி நின்றவர்கள் உண்டு. எனக்குக் கார்னர் பார்த்தவர், அதாவது ரவுண்டுகளுக்கு நடுவில் என் மூலையில் நின்று கவனித்தவர், அன்றைக்கு மட்டும் பேசிக் கூட்டிவந்த ஆள், அடுத்த சண்டைக்கு இன்னொருவனோடு போய்விட்டார். உடை மாற்றும் அறையில் கைக்கட்டைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தபோது இந்தக் கட்மேன் கத்தரிக்கோலோடு உள்ளே வந்து, "கையைக் கொடு தம்பி" என்றார். அவ்வளவுதான். டேப்பை வெட்டிக்கொண்டே எத்தனை ரவுண்ட் ஆடினாய் என்று கேட்டாராம், நான் நாலு என்றேனாம். எட்டு ரவுண்டும் நின்று பாயிண்ட்டில் தோற்றவன் நான்! இடது கையை முடித்துவிட்டு வலது கைக்கு வந்தபோது அதே கேள்வியை மறுபடி கேட்டிருக்கிறார், இந்த முறை வேறு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறேன். கத்தரிக்கோலை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் டாக்டரை இழுத்து வந்து, ஆம்புலன்ஸிலும் கூடவே ஏறிக்கொண்டார். மண்டையோட்டுக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்தால் ஆள் நடப்பான், பேசுவான், சிரிக்கக்கூடச் செய்வான், அப்புறம்தான் சாய்வான். குளித்துவிட்டுப் படுத்திருந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று ஆபரேஷன் செய்தவரே சொன்னார்.

எங்களைப் போன்றவர்களை யாரும் இவ்வளவு உற்றுப் பார்ப்பதில்லை, கோபத்தில் சொல்லவில்லை, தொழில் அப்படி. வளரும் பையனுக்குப் பேர் தெரிந்த, ஆனால் இனி ஆபத்தில்லாத ஒரு ஆள் வேண்டும். கடைசி நேரத்தில் போன் வரும், எடையைக் குறைத்துக்கொண்டு போய் நிற்போம். தப்பித்தவறி அவனை ஜெயித்துவிட்டால் அடுத்த போன் வருவதுதான் சந்தேகம். இங்கிலாந்தின் பீட்டர் பக்லி இப்படி 300 சண்டை போட்டு 256-ல் தோற்றார், ஆனால் 2008-ல் ஆடிய கடைசிச் சண்டையை ஜெயித்துவிட்டுத்தான் விலகினார். கேலியாகத்தான் அந்தக் கணக்கைச் சொல்வார்கள், எனக்கு அது தற்காத்துக்கொள்ளத் தெரிந்தவனின் கணக்காகத்தான் படுகிறது.

ஆபரேஷன் செய்தவர்கள், ராத்திரியெல்லாம் பேர் கேட்டுக் கேட்டு எழுப்பிய நர்ஸுகள் (அப்போது எரிச்சலாக இருந்தது, மன்னித்துவிடுங்கள்), பணம் திரட்டிய ஜிம் பசங்கள், எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மச்சினி, என்னிடம் முன்பு அடி வாங்கிய, எனக்கு அடி கொடுத்த பழைய ஆட்கள், எல்லோருக்கும் ஒரே மூச்சில் நன்றி. இனி ரிங் ஏற மாட்டேன், வீட்டில் சத்தியம் வாங்கிவிட்டார்கள். ஆனால் போட்டிகளுக்கு வருவேன். வந்தால் தோற்றவன் அறைக்குத்தான் முதலில் போவேன், கத்தரிக்கோல் வாங்கி வைத்தாயிற்று.

கடைசியாக, ஜெயித்த தம்பிக்கு. என்னை அடித்ததற்காக அழுததாக நீ எழுதி அனுப்பியதைப் படித்தேன். 1951-ல் முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸை வீழ்த்திய ராக்கி மார்சியானோவும் அழுதவர்தான், அதற்காக அடுத்த சண்டையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. லூயிஸ் மறுபடி ரிங் ஏறியது வரி பாக்கிக்காக, நான் ஏறியது வேறு பாக்கிக்காக, அவ்வளவுதான் வித்தியாசம்; எங்களை யாரும் தள்ளிவிடவில்லை, நாங்களாகத்தான் ஏறினோம். நீ விதிப்படி அடித்தாய். அப்புறம் ஒன்று, ஜேப் (கையை நேராக நீட்டிக் குத்தும் குத்து) போட்டுவிட்டு இடது கையை இடுப்பு வழியாகத் திருப்பிக் கொண்டுவருகிறாய். மூன்றாவது ரவுண்டிலேயே பார்த்துவிட்டேன், எனக்குத்தான் அதற்குள் புகுந்து அடிக்கும் வேகம் இல்லை. அடுத்து வருபவனுக்கு இருக்கும், திருத்திக்கொள்.