2 கிலோ வாங்கினால் 4 கிலோ

ஆசிரியருக்கு வணக்கம்.

திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவுக்கு என் மகளையும் அழைத்துப் போயிருந்தேன். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், தூயமல்லி என்று எத்தனை பாரம்பரிய நெல் ரகங்கள்! கருப்புக் கவுனி நெல் ஒன்றை எடுத்து நகத்தால் உமியைக் கிள்ளினாள். உள்ளே அரிசியே கருப்பாக இருந்ததைக் கண்டு அவளுக்கு அப்படியொரு ஆச்சரியம். அப்புறம் கவுனிப் பொங்கல் இரண்டு தொன்னை காலி.

இந்தத் திருவிழாவில் 2 கிலோ விதைநெல் வாங்கும் விவசாயி, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்து, 2018இல் மறைந்த நெல் ஜெயராமன் ஏற்படுத்திய வழக்கம் இது. நாங்களும் குறுவைக்குப் பூங்கார் வாங்கி வந்திருக்கிறோம்.

விளைவிக்க ஆள் இருக்கிறது, விற்கத்தான் வழி வேண்டும். பள்ளிச் சத்துணவில் வாரம் ஒரு நாளாவது இந்த அரிசியைச் சேர்க்க அரசு முன்வர வேண்டும்.

– ஒரு வாசகி, மன்னார்குடி