ஏற்காட்டுப் பனியிலும் சோதித்துப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிலிக்கானுக்குப் பதிலாகப் பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளை வைத்துச் செய்யும் சோலார் செல் பற்றிச் செய்தி வந்தாலே ‘புதிய சாதனை, இத்தனை சதவீதம்’ என்றுதான் தலைப்பு போடுகிறார்கள். 2009-இல் ஜப்பானில் மியாசாகா குழுவினர் செய்த செல், விழுகிற வெயிலில் 3.8 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கியது, இன்றைக்கு ஆய்வகத்தில் 26-ஐத் தாண்டிவிட்டது, சிலிக்கானோடு சேர்த்து அடுக்கினால் 34-ஐயும் தாண்டுகிறது. பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் சேலத்தில் மொட்டை மாடிகளில் பேனல் மாட்டும் வேலை பார்க்கிற என்னிடம் ஜனங்கள் கேட்பது ‘எத்தனை வருஷம் உழைக்கும்?’ என்றுதான். அந்தக் கேள்விக்கான வேலை இப்போது சேர்மானங்களில், அதாவது செல் நீடித்து உழைக்க அதில் கொஞ்சமாகச் சேர்க்கும் பொருள்களில் நடக்கிறது, அதைப் பற்றித்தான் யாரும் அதிகம் எழுதுவதில்லை.

சிலிக்கானை 1,400 டிகிரிக்கு மேல் உருக்க வேண்டும். பெரோவ்ஸ்கைட்டுக்கு அந்தப் பாடு கிடையாது, ஈய அயோடைடு மாதிரி உப்புகளைக் கரைத்துக் கண்ணாடியில் பூசி 100, 150 டிகிரியில் சூடாக்கினால் படலம் ரெடி. சீக்கிரம் உருவாவதால் குறைகளும் நிறைய விழுகின்றன. படிகமும் படிகமும் சேரும் ஓரங்களில் அயோடின் விட்டுப்போன இடங்கள், சரியான பிணைப்பு கிடைக்காத ஈய அயனிகள். வெளிச்சத்தில் கிளம்பும் எலக்ட்ரான் அங்கே சிக்கி வீணாகிறது, ஈரமும் அந்த ஓரங்கள் வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது.

2019-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு இதற்குக் காஃபினைக் கலந்து பார்த்தது. ஆமாம், ஏற்காட்டுத் தோட்டங்களில் விளைகிற காபிக்கொட்டையில் இருக்கிற அதே காஃபின்தான். அதிலுள்ள கார்பனைல் தொகுதி (கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த ஜோடி) ஈயத்தோடு பிணைந்து படிகம் வளரும் வேகத்தைக் குறைக்க, படலம் ஒழுங்காக அமைந்தது, 85 டிகிரியில் 1,300 மணி நேரத்துக்குப் பிறகும் செயல்திறனில் 86 சதவீதம் மிஞ்சியது. அதே ஆண்டு அந்தக் குழுவினர் காஃபினுக்கு உறவான தியோஃபிலின், தியோப்ரோமின் இரண்டையும் சேர்த்து, மூன்றையும் மேற்பரப்பில் இட்டு ஒப்பிட்டார்கள். ஆஸ்துமா மருந்தாகக் கொடுக்கிற தியோஃபிலின்தான் ஜெயித்தது. மூன்றுக்கும் ஒரே எலும்புக்கூடு, ஆனால் தியோஃபிலினில் கார்பனைலும் பக்கத்து நைட்ரஜனில் உள்ள ஹைட்ரஜனும் சரியான இடைவெளியில் இருப்பதால் ஒன்று ஈயத்தையும் மற்றொன்று அயோடினையும் ஒரே நேரத்தில் பிடிக்கிறது. காஃபினில் அந்த ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தில் தொகுதி (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும்) உட்கார்ந்திருக்கிறது, தியோப்ரோமினில் இடைவெளி போதவில்லை. ஒரு சின்னத் தொகுதி இடம் மாறினால் பலன் மாறுகிறது! கெமிஸ்ட்ரி படிக்கிற நம் பிள்ளைகளுக்கு இதைவிட உற்சாகமான பாடம் வேறென்ன வேண்டும்?

அப்புறம் ஒரு விஷயம். காஃபின் சோதனையின் அந்த 1,300 மணி நேரமும் செல் இருந்தது நைட்ரஜனுக்குள்ளே, ஈரமே படாமல். பேனல்களுக்கான உலகத் தரச் சோதனையோ 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம், 1,000 மணி நேரம் என்று கேட்கிறது. இங்கே மே மாதம் மாடியில் பேனலின் அலுமினிய ஃப்ரேமை வெறுங்கையால் தொட முடியாது. ஏற்காட்டிலோ விடியற்காலையில் பனி இறங்கி ஃப்ரேமின் கீழ் விளிம்பில் சொட்டிக்கொண்டே இருக்கும், ஒயர் இணைப்புகளில் பச்சை பூத்துவிடும். நடுவே இருப்பது முப்பது கிலோமீட்டர் சொச்சம், இருபது கொண்டை ஊசி வளைவுகள். இப்படி இரண்டு சீதோஷ்ணமும் அடுத்தடுத்துக் கிடைக்கிற ஊர் எத்தனை இருக்கிறது?

அதனால் பெரியார் பல்கலைக்கழகமும் நம் மாவட்டக் கல்லூரிகளின் வேதியியல் துறைகளும் ஒரே மாதிரி செல்களை, சேர்மானம் போட்டதும் போடாததுமாக, சேலத்தில் ஒரு மாடியிலும் ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு மூலையிலும் வைத்து வருஷக்கணக்கில் அளந்து பார்க்க வேண்டும். பேனல் உடைந்தால் மழைத் தண்ணீரில் ஈயம் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் கட்டாயம் பார்க்க வேண்டும், அடிவாரத்துக் கிணறுகளுக்கு அந்தத் தண்ணீர்தான் போகிறது. பேனலை ஏற்றி மாட்டுகிற வேலையை என்னைப் போன்றவர்கள் கூலி வாங்காமலே செய்து தருவோம். உங்கள் பத்திரிகை இதைத் துறைத் தலைவர்களிடம் கேட்டு ஒரு கட்டுரையாக வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சோலார் பேனல் பொருத்தும் தொழிலாளி,
அம்மாபேட்டை, சேலம்.