இலக்கியத் தேர்வுக்கு விடைக்குறிப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய ‘சாப விமோசனம்’ கதையில் அகலிகை மீண்டும் ஏன் கல்லானாள் என்று ஒரு தேர்வில் கேட்டிருந்தார்கள். விடைக்குறிப்பில் ‘துயரம் தாங்காமல்’ என்று ஒரே வரி. நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெண் அதற்கு ஒரு பக்கம் எழுதி 5-க்கு 1 வாங்கி வந்தாள்.

அவள் என்ன எழுதினாள் தெரியுமா? ராமன் கேட்டுத்தான் தீக்குளித்தேன் என்று சீதை சொல்லும்போது அகலிகை முதலில் ‘அவர் கேட்டாரா?’ என்கிறாள், சீதை அமைதியாக ஆமாம் என்றதும் ‘அவன் கேட்டானா?’ என்று கத்துகிறாள். மரியாதை போய்விட்டது என்று கதைசொல்லி எடுத்துச் சொல்லவில்லை, ‘ர்’ போன இடத்தில் ‘ன்’ வந்திருக்கிறது, அவ்வளவுதான். தன் சாபத்தைத் தீர்த்தவன்மேல் அவள் வைத்திருந்த நம்பிக்கை அந்த ஒரு எழுத்திலேயே சரிந்துவிடுகிறது, அதனால் அவள் கல்லானது துயரத்தால் அல்ல, கோபத்தால் என்று முடித்திருந்தாள். எனக்கே இதில் முழு உடன்பாடு இல்லை. கடைசியில் கணவன் கௌதமன் அணைக்க வரும்போது, முன்பு அவன் உருவில் வந்து ஏமாற்றிய இந்திரனாக அவள் கண்ணுக்குத் தெரிகிறானே, அந்தப் பழைய பயத்தை எங்கே வைப்பது? ஆனாலும் அந்தப் பெண் கதையின் வரியைக் காட்டிப் பேசியிருக்கிறாள். விடைக்குறிப்பு எந்த வரியையும் காட்டவில்லை.

அப்புறம் இன்னொன்று. கதை சொல்லும் உத்திக்கு ஒரு கேள்வி, பாத்திரத்துக்கு ஒரு கேள்வி என்று தனித்தனியாகக் கேட்கிறீர்கள். நனவோடை (மனசில் ஓடுவதை அப்படியே எழுதுவது), பின்னோக்கு (முன்பு நடந்ததற்குத் திரும்பிப் போவது) என்று பெயரை எழுதினால் மதிப்பெண் விழுகிறது, அது எதற்கு அங்கே வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ‘நான் அவனை எப்போதோ மன்னித்துவிட்டேன்’ என்று ஒரு கதையின் ‘நான்’ மூன்று இடத்தில் சொன்னால் மன்னிக்கவில்லை என்றுதானே பொருள்? அந்தத் திரும்பச் சொல்லல் உத்தியா, பாத்திரத்தின் மனசா? இரண்டையும் பிரித்துக் கேட்டால் பிள்ளைகள் என்னதான் எழுதுவார்கள்?

சரி, நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. விடைக்குறிப்பில் ஒரு வரி சேருங்கள்: ‘வேறு காரணம் எழுதி, கதையிலிருந்து ஆதாரமும் காட்டியிருந்தால் முழு மதிப்பெண் தரலாம்.’ திருத்துகிறவர்களுக்கும் அது தெம்பாக இருக்கும், அவர்களில் பலர் மனசில்லாமல்தான் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள்.

அந்தப் பெண் இப்போது ‘துயரம் தாங்காமல்’ என்பதை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள்.